திஸ் மொமெண்ட்: சக்தி இசைக்குழுவின் மீள்வரவு

திஸ் மொமெண்ட், அதாவது ‘இந்தக் கணம்’, சக்தி இசைக்குழு 2023 ஜூன் 30 அன்று வெளியிட்ட இசைத்தொகுப்பு. ஜாஸ், ராக் இசைகளிலிருந்து வந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினும் இந்தியச் செவ்விசைக் கலைஞர்களும் சேர்ந்து 1970களில் உருவாக்கிய குழு இது. 1977ல் வெளிவந்த ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ தொகுப்புக்குப் பிறகு 46 ஆண்டுகள் கழித்து இக்குழு ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாக்கிய முதல் தொகுப்பு ‘திஸ் மொமெண்ட்’. 2024 பிப்ரவரி 4 அன்று நடந்த 66ஆவது கிராமி விழாவில் சிறந்த உலகளாவிய இசைத்தொகுப்புக்கான விருதைப் பெற்றது.

விருதுச் செய்தியால் தமிழ் வாசகர்கள் பலருக்கும் இத்தொகுப்பின் பெயர் தெரியும். ஆனால் அதன் இசையைப் பற்றிய பேச்சு தமிழில் குறைவு. கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரே மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு அந்த நொடியிலேயே பதில் சொல்வதை உயிராகக் கொண்டிருந்த குழு இது. அதன் உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே அமர்ந்து பதிவுசெய்தபோது எதைக் காப்பாற்றிக்கொண்டார்கள், எதை இழந்தார்கள்?

குழுவின் தோற்றம்

ஜான் மெக்லாக்லின் 1942ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலண்ட் வே’, ‘பிட்சஸ் ப்ரூ’ ஆகிய ஒலித்தட்டுகளில் வாசித்தவர். ஜாஸும் ராக்கும் ஒன்றுகலந்த காலத்தின் தொடக்கத்தில் நின்ற ஒலித்தட்டுகள் அவை. 1971ல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா மின் கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு, வயலின் ஆகியவற்றோடு மிக உரத்த ஒலியில் வாசித்த குழு. அந்தக் குழுவின் புகழ் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலேயே அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார்.

எஸ். ராமநாதன் வாய்ப்பாட்டுக் கலைஞர், இசையறிஞர். அதே பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தவர் ராமநாதபுரம் வி. ராகவன். வயலின் கலைஞர் எல். சங்கர் ஆய்வு மாணவராக அங்கு வந்தார். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி அவர். இவர்களோடு அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் ஹுசைன் தபலாவுடனும், டி. எச். விநாயக்ராம் கடத்துடனும் சேர்ந்தபோது சக்தி உருவானது.

முதல் ஒலித்தட்டில் வாசித்த ஐவரில் மூவர் கர்நாடக இசைக்கலைஞர்கள். மேலைநாட்டு வெளியீட்டாளர்கள் அட்டையில் மெக்லாக்லின் பெயரைக் குழுவின் பெயரோடு சேர்த்து அச்சிட்டதால் இன்றும் சக்தியை ‘மெக்லாக்லினின் குழு’ என்றே பலர் சொல்கிறார்கள். அதன் உள்கட்டுமானத்தைப் பார்த்தால் அது தஞ்சை, ராமநாதபுரம், சென்னை ஆகிய ஊர்களின் லய மரபு மேலை நாட்டில் ஊன்றிய ஒரு கிளை. கிட்டார்க்காரர் தம் வாத்தியத்தை அந்த மரபுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. கமகங்களை வாசிப்பதற்காக அவருடைய கிட்டாரின் மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. வீணையின் மெழுகு மேடையில் தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைப்பதுபோல இதிலும் வளைக்க முடிந்தது. குறுக்கே 7 அதிர்வுத் தந்திகளும் பொருத்தப்பட்டன.

1975 ஜூலையின் ஒலித்தட்டு

முதல் ஒலித்தட்டு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதில் இருப்பவை மூன்றே உருப்படிகள். ‘ஜாய்’ சுமார் 18 நிமிடம். ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்குள் முடிவது. மூன்றாவது உருப்படி சுமார் 29 நிமிடம். மெக்லாக்லினுக்கு அப்போது 33 வயது, ஜாகிர் ஹுசைனுக்கு 24.

இந்தப் பதிவில் கேட்பவரைப் பிடித்திழுப்பது வேகம் மட்டும் அல்ல. வயலின் ஒரு சொற்றொடரை வீசுகிறது, கிட்டார் அதைப் பிடித்துச் சற்றே மாற்றித் திருப்பி வீசுகிறது. தொடர்கள் குறுகிக் குறுகி ஒரு ஸ்வரத்துக்கு ஒரு ஸ்வரம் என்று வந்து நிற்கின்றன. கடமும் தபலாவும் இதையே தங்களுக்குள் செய்கின்றன. கர்நாடகக் கச்சேரியில் பாடகருக்கும் வயலினுக்கும் இடையிலும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் இடையிலும் நடப்பதுதான் இது. அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் இருப்பதே இதன் சுவை. மேடையில் யாரோ உற்சாகத்தில் குரல் கொடுப்பதும் பதிவில் கேட்கிறது.

அதன்பின் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ என்று இரண்டு தொகுப்புகள் வந்தன. முதல் தொகுப்போடு ராகவன் விலகிக்கொண்டதால் மிருதங்கத்தின் இடத்தையும் கடமே நிரப்பவேண்டியிருந்தது. மானாமதுரை மண்ணாலான பானை ஒன்று ஒரு ஜாஸ் குழுவின் தாள அடித்தளமாக நின்றது அன்றைய மேலை ரசிகர்களுக்குப் புதுமை. ஆனால் மின் கிட்டார் முழக்கத்தை எதிர்பார்த்த மகாவிஷ்ணு ரசிகர்கள் பலர் இந்த மரவாத்திய இசைக்கு வரவில்லை. வணிக வெற்றி கிடைக்காமலே குழு கலைந்தது.

இடைவெளியில் நடந்தவை

46 ஆண்டு என்ற எண் சற்றே தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. அத்தனை காலமும் குழு மௌனமாக இருக்கவில்லை. 1997ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மீண்டும் மேடையேறியது. முதலில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் இடம்பெற்றது. பிறகு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார். விநாயக்ராமின் இடத்துக்கு அவருடைய மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். அடுத்து சங்கர் மகாதேவன் குரலோடு இணைந்தார். ‘தி பிலீவர்’, ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ ஆகிய தொகுப்புகள் இக்காலத்தவை. இவை கச்சேரிப் பதிவுகள். ஆகவே 46 ஆண்டு என்பது கூடத்தில் அமர்ந்து உருவாக்கிய தொகுப்புக்கான இடைவெளி மட்டுமே.

2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் 45 வயதில் காலமானார். அத்துடன் அந்தக் குழுவின் ஓட்டமும் நின்றது. கணேஷ் குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலன் வயலினோடு சேர்ந்த பிறகு, ‘ரிமெம்பர்’ என்ற முன்னொட்டு நீங்கி, குழு மறுபடியும் ‘சக்தி’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது.

இந்த இடைக்காலத்தில் நடந்த இரண்டு வேலைகள் ‘திஸ் மொமெண்ட்’ தொகுப்பைப் புரிந்துகொள்ள உதவுபவை. ஒன்று, மெக்லாக்லினும் செல்வகணேஷும் சேர்ந்து 2007ல் வெளியிட்ட ‘தி கேட்வே டு ரிதம்’ என்னும் கொன்னக்கோல் பாடக் காணொளி. மேலை இசை மாணவர்களுக்குத் தென்னிந்தியத் தாளக் கணக்கை அடிப்படையிலிருந்து கற்பிப்பது அதன் நோக்கம். மற்றொன்று, மெக்லாக்லினும் சங்கர் மகாதேவனும் ஜாகிர் ஹுசைனும் சேர்ந்து 2020ல் வெளியிட்ட ‘இஸ் தட் ஸோ’ தொகுப்பு. இந்தியக் குரலின் மனோதர்மத்துக்கு அடியில் மேலை இசையின் ஒத்திசையை விரிப்பது அதன் முயற்சி. முதலாவது தாளத்தையும் இரண்டாவது குரலையும் சக்தியின் நடுவே கொண்டுவந்து வைத்தன. புதிய தொகுப்பு இந்த இரண்டு தூண்களின்மீது நிற்கிறது.

கணக்கு என்னும் பொதுமொழி

பெருந்தொற்றுக் காலத்துப் பயணத் தடைகளுக்கு நடுவில் உருவான தொகுப்பு இது. உறுப்பினர்கள் தத்தம் இடத்தில் வாசித்துப் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பிச் சேர்த்தார்கள். மெக்லாக்லின் இருப்பது மொனாக்கோவில். ஜாகிர் ஹுசைன் இருந்தது கலிஃபோர்னியாவில். திரைப்படப் பாடல்கள் பல ஆண்டுகளாக இப்படித்தான் உருவாகின்றன என்பதால் முறை புதிதல்ல. சக்தி போன்ற ஒரு குழுவுக்கு இது பொருந்துமா என்பதே கேள்வி.

ஒரு பகுதி பொருந்துகிறது. அது கர்நாடகத் தாளக் கணக்கு. இதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் ‘தகதிமி’ என்று நான்காகப் பிரித்தால் 32 மாத்திரை. ‘தகதகிட’ என்பது 5 மாத்திரைச் சொற்கட்டு. அதை இருமுறை சொன்னால் 10. இந்த 10ஐ மூன்று முறை சொல்லி, நடுவே ஒவ்வொரு மாத்திரை இடைவெளி விட்டால் 10+1+10+1+10, மொத்தம் 32. முதல் மாத்திரையில் தொடங்கியவர் மிகச் சரியாக அடுத்த சமத்தில் வந்து இறங்குவார். இரண்டாவது, மூன்றாவது சொற்கட்டுகள் தாளத்தின் அடியில் தொடங்குவதில்லை. அதனால் கேட்பவருக்குத் தாளம் நழுவுவதுபோலத் தோன்றும், கடைசியில் எல்லாம் கூடிவரும்போது மனம் நிறையும். கர்நாடக இசையில் இதைத் தீர்மானம் என்றும், இந்துஸ்தானி மரபில் திஹாய் என்றும் சொல்வார்கள்.

கணக்கு ஒன்றானால் வாசிப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் வந்து சேரும் இடம் ஒன்றே. மொனாக்கோவில் வாசித்த கிட்டாரும் சென்னையில் வாசித்த கஞ்சிராவும் ஒரே சமத்தில் இறங்கும். வாயால் சொல்லி அனுப்பக்கூடியதாகவும் இந்தக் கணக்கு இருக்கிறது. கொன்னக்கோல் எழுதிவைத்த இசைக்குறிப்பு அல்ல, பேசப்படும் மொழி. அந்த மொழியை ஐம்பது ஆண்டுகளாகப் பழகிய கிட்டார்க்காரரும், அதைத் தாய்மொழியாகவே கொண்ட செல்வகணேஷும், வடக்கின் இணை மரபில் வளர்ந்த ஜாகிர் ஹுசைனும் இருந்ததால்தான் தொகுப்பு சிதறாமல் நிற்கிறது. இந்த முறை கைகொடுத்ததற்குக் காரணம் கணினி மட்டுமல்ல, விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா நிறுவிய தாளவாத்தியப் பள்ளி வழியாகவும் வெஸ்லியன் வகுப்பறைகள் வழியாகவும் கைமாறி வந்த தமிழ்நாட்டுத் தாளக் கல்வியும்தான்.

கஞ்சிராவின் பங்கும் இங்கே குறிப்பிடத்தக்கது. பலாமரத்தில் கடைந்த சிறு வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல், ஓரத்தில் ஒரு ஜோடி சலங்கைத் தகடு. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் அதே பலாதான். தோலில் நீர் தடவிச் சுருதியை இறக்கி, இடக்கை விரலால் ஓரத்தை அழுத்தினால் ஆழ்ந்த கும்கி ஒலி கிடைக்கும். டிரம்ஸ் தொகுதியின் பெரிய மேளமும் பாஸ் கிட்டாரும் செய்யும் வேலையில் பாதியை உள்ளங்கை அகலமான இந்த வாத்தியம் செய்கிறது. கர்நாடக மேடையில் கஞ்சிரா உபபக்கவாத்தியம். கச்சேரிக்குக் கஞ்சிரா இல்லாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இத்தொகுப்பில் அது தபலாவுக்குச் சமமான இடத்தில் இருக்கிறது.

உருப்படிகள்

தொகுப்பில் 8 உருப்படிகள் உள்ளன: ஸ்ரீனிஸ் ட்ரீம், பெண்டிங் தி ரூல்ஸ், கருணா, மோகனம், கிரிராஜ் சுதா, லாஸ் பால்மாஸ், சங்கே நைனோ, ஸோனோ மாமா.

‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’ மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸுக்கு அஞ்சலி. ‘ஸ்ரீனி’ அவரைக் குழுவினர் அழைத்த செல்லப்பெயர். அஞ்சலி என்றாலே மெதுவாக, கனத்த சோகத்தோடு வாசிக்கவேண்டும் என்ற வழக்கத்தை இது பின்பற்றவில்லை. தொகுப்பின் முதல் உருப்படியாக, சுறுசுறுப்பாக வருகிறது. ஸ்ரீநிவாஸின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இது பொருத்தமாகவே தோன்றும். வேகமான சங்கதியையும் அலட்டிக்கொள்ளாமல் சிரித்த முகத்தோடு வாசித்தவர் அவர். குரல், வயலின், கிட்டார் மூன்றும் ஒரே வரியைச் சேர்ந்து சொல்லும் இடங்களில் மாண்டலின் இருந்திருக்கவேண்டிய இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. வேறொரு வாத்தியத்தை அழைத்து அந்த இடத்தை நிரப்பவில்லை என்பது நல்ல முடிவு.

‘கிரிராஜ் சுதா’ தியாகராஜர் விநாயகரைப் பற்றிப் பங்காள ராகத்தில் இயற்றிய கீர்த்தனையை அடிப்படையாகக் கொண்டது. மலையரசன் மகளின் மைந்தனே என்பது முதலடியின் பொருள். உருப்படியின் தலைப்பு ‘கிரிராஜ் சுதா’ என்று பாதியில் நின்றுவிடுவதால் பொருள் பார்வதியோடு முடிந்துவிடுகிறது, பிள்ளையார் விடுபட்டுப்போகிறார். கீர்த்தனையை அறிந்தவர்களுக்கு இது உறுத்தும். இசையில் இப்படிப்பட்ட கவனக்குறைவு இல்லை. பங்காளம் சங்கராபரணத்தில் பிறந்த ராகம். சங்கராபரணத்தின் ஸ்வரங்களும் மேலை இசையின் மேஜர் ஸ்கேலும் ஒன்றே. ஆகவே மேலை ஒத்திசை இங்கே வெளியிலிருந்து ஒட்டவைத்ததுபோல நிற்காமல் இயல்பாக அடியில் படர்கிறது. இதே பாடல் 2001ஆம் ஆண்டின் ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ தொகுப்பிலும் உண்டு. அது ஸ்ரீநிவாஸின் மாண்டலினோடு மேடையில் வாசிக்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு இந்தக் கட்டுரை சொல்லவரும் வேறுபாடு முழுதும் விளங்கிவிடும்.

‘மோகனம்’ பெயரிலேயே ராகத்தைச் சொல்லிவிடுகிறது. ஐந்து ஸ்வரங்கள் கொண்ட இந்த ராகத்தின் அமைப்பு சீனா, ஜப்பான், ஸ்காட்லாந்து நாட்டுப்புற இசைகளிலும் உண்டு. கலப்பிசைக்கு இதைத் தேர்ந்தெடுப்பது எளிய வழி, ஆபத்தான வழியும்கூட. ஐந்து ஸ்வரங்களும் எங்கும் பொருந்துவதால் ராகத்தின் தனிமுகம் எளிதில் கரைந்துபோகும். சங்கர் மகாதேவனின் குரல் கமகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை இங்கே மோகனம் மோகனமாகவே இருக்கிறது. வாத்தியங்கள் மட்டும் தனித்து நகரும்போது அது சற்று வெளிறுகிறது.

‘லாஸ் பால்மாஸ்’ என்ற தலைப்பில் வரும் ஸ்பானியச் சொல்லுக்குப் பனை மரங்கள் என்றும், ஃபிளமெங்கோ இசையில் தாளத்துக்குக் கைதட்டுவது என்றும் பொருள் உண்டு. கைதட்டித் தாளம் போடும் இரண்டு நாட்டு மரபுகளை இணைப்பதற்கு இது நல்ல சாக்கு. ‘ஸோனோ மாமா’ ஜப்பானிய மொழியில் ‘உள்ளது உள்ளபடி’ என்று பொருள்படும். தொகுப்பின் பிற்பகுதியில் தாளமும் கொன்னக்கோலும் முன்னுக்கு வருகின்றன. கேட்பவரின் கை தானாகத் தொடையைத் தட்டத் தொடங்குவது இங்கேதான்.

குரலும் சுருதியும்

1975ன் சக்தியில் பாடகர் இல்லை. 2023ன் சக்தியில் பாடகரே நடுநாயகம். இது பெரிய மாற்றம். சங்கர் மகாதேவன் தமிழ் ரசிகர்களுக்குத் திரைப்பாடல் வழியாக அறிமுகமானவர். ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படப் பாடலுக்குத் தேசிய விருது பெற்றவர். அவருடைய பயிற்சி கர்நாடக இசையில். வேகமான ஸ்வரக் கோவைகளை வாத்தியத்தின் துல்லியத்தோடு பாடக்கூடியவர். அவர் வந்ததால் சக்தியின் இசை மென்மையாகியது, புதிதாக வருபவர்களுக்கும் கதவு திறந்தது.

இதற்குக் கொடுத்த விலை கிட்டாரின் இடத்தில் தெரிகிறது. அன்று வயலினோடு மல்லுக்கு நின்ற வாத்தியம் இன்று பல இடங்களில் குரலுக்கு அடியில் விரிப்பாக இருக்கிறது. மெக்லாக்லின் இத்தொகுப்பில் கிட்டார் சிந்தசைசரையும் பயன்படுத்துகிறார். இழைந்து நீளும் அந்த ஒலியில் மரக் கிட்டாரின் வெடிப்பும் விரல் நுனியின் உராய்வும் கிடைப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்திய இசையில் ஆதார ஷட்ஜம் ஒன்றே, அது நகர்வதில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் அதனோடு கொள்ளும் உறவில்தான் பொருள் பெறுகிறது. அடியில் ஒத்திசை மாறிக்கொண்டே போகும்போது கேட்பவரின் காது அந்த ஆதாரத்தை விட்டுவிட்டு மாறும் அடித்தளத்தின் பின்னால் போகிறது. காந்தாரத்தின் அசைவு தன் கூர்மையை இழக்கிறது. இத்தொகுப்பின் சிறந்த பகுதிகளில் ஒத்திசை அளவோடு வந்து விலகிக்கொள்கிறது. மற்ற இடங்களில் திரைப்படப் பின்னணி இசையின் சாயல் எட்டிப்பார்க்கிறது.

குறைகள்

தனித்தனியே பதிவுசெய்யும் முறையின் முதன்மையான இழப்பு கேள்வி பதில். கணக்கை முன்கூட்டியே பேசிவைக்கலாம். பதிலை அப்படிப் பேசிவைக்க முடியாது. ஒருவர் எதிர்பாராத ஒன்றை வாசிக்கும்போது மற்றவர் திகைத்து, சிரித்து, அரை நொடி தாமதித்து, பிறகு எழுந்து பதில் சொல்வதுதான் சவால். பதிவாகி வந்த தடத்துக்கு மேல் வாசிப்பவர் பதில் சொல்லலாம். முதலில் வாசித்தவர் அந்தப் பதிலைக் கேட்டு மீண்டும் மாறமுடியாது. உரையாடல் ஒருவழியாகிவிடுகிறது. ‘ஜாய்’ போன்ற 18 நிமிட உருப்படி இத்தொகுப்பில் ஒன்றுகூட இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நீளத்தைத் தாங்கிப்பிடிப்பது எழுதிவைத்த அமைப்பல்ல, அடுத்து என்ன வருமோ என்ற ஆவல்.

இரண்டாவது குறை அளவுக்கு மீறிய மெருகு. எல்லா வாத்தியமும் தெளிவாக, அதனதன் இடத்தில் கேட்கிறது. 1975ன் பதிவில் இருந்த காற்றும் இரைச்சலும் அவசரமும் இல்லை. சில இடங்களில் ஒரு பிசிறாவது இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றுகிறது.

மூன்றாவது, வயலினுக்குக் கிடைத்திருக்கும் இடம். கணேஷ் ராஜகோபாலன் குரலை ஒட்டி நிழல்போல வாசிப்பதில் வல்லவர். எல். சங்கர் அன்று எடுத்துக்கொண்ட எதிர்நிலை இன்றைய வயலினுக்கு அதிகம் தரப்படவில்லை. இது கலைஞரின் குறையல்ல, அமைப்பின் விளைவு. பாடகர் நடுவில் அமர்ந்தால் வயலின் பக்கவாத்தியமாவது நம் கச்சேரி மரபிலேயே உள்ளதுதான்.

‘இந்தக் கணம்’ என்ற தலைப்பை இக்குறைகளோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். பல மாதங்களில், பல ஊர்களில் பதிவான பல கணங்களை ஒட்டவைத்து உருவாக்கிய ஒன்றுக்கு இந்தப் பெயர். பெயரைத் தொகுப்பு முழுமையாக நியாயப்படுத்தவில்லை. ஆனால் 2023 ஜனவரியில் இந்தியாவிலும் பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரிகளில் இதே கலைஞர்கள் ஒரே மேடையில் அமர்ந்தபோது, தொகுப்பில் இல்லாதிருந்த அந்தப் பரிமாற்றம் திரும்பி வந்தது. இழந்தது திறமையை அல்ல, அருகாமையை மட்டுமே என்பதற்கு அக்கச்சேரிகள் சான்று.

விருதும் அதன் பொருளும்

கிராமி விருதுச் செய்தி இந்திய ஊடகங்களில் தேசப் பெருமையாகக் கொண்டாடப்பட்டது. அதே விழாவில் ஜாகிர் ஹுசைன் மொத்தம் மூன்று விருதுகள் பெற்றார். மகிழ்ச்சிக்குரியதுதான். எனினும் விருதின் வகையைக் கவனிக்கவேண்டும். 2020 வரை ‘உலக இசை’ என்று இருந்த பிரிவுக்கு ‘உலகளாவிய இசை’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் ஜாஸ் தனி அறையிலும் மற்ற நாட்டு இசைகளெல்லாம் சேர்ந்து மற்றோர் அறையிலும் இருக்கும் ஏற்பாடு மாறவில்லை. ஜாஸுக்கும் கர்நாடக இசைக்கும் நடுவில் சுவர் தேவையில்லை என்று ஐம்பது ஆண்டுகளாக வாசித்துக் காட்டிய குழுவைச் சுவரின் ஒரு பக்கத்தில் நிறுத்தித்தான் பாராட்டினார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு சுவர் உண்டு. சபா மேடைகள் இவ்வகை இசையை நெடுங்காலம் ‘ஃபியூஷன்’ என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்கின. கலப்பிசை என்ற பெயரில் பொறுப்பற்ற முயற்சிகள் பல வந்ததால் அந்த ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. சக்தியை அவற்றோடு சேர்க்கமுடியாது என்பதற்கு அதன் கணக்குச் சுத்தமே போதும்.

ஜாகிர் ஹுசைனின் மறைவுக்குப் பின்

2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் ஹுசைன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 73. சக்தியின் எல்லாக் காலங்களிலும் மெக்லாக்லினோடு நின்ற ஒரே கலைஞர் அவர். அவருடன் சக்தி கூடத்தில் உருவாக்கிய கடைசித் தொகுப்பு என்ற இடம் ‘திஸ் மொமெண்ட்’ தொகுப்புக்கு வந்துவிட்டது. இதனால் தொகுப்பின் தரம் கூடவோ குறையவோ இல்லை. அஞ்சலி உணர்வில் குறைகளை மறைப்பது கலைஞருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

ஆனால் ஒன்று தெளிவாகியிருக்கிறது. எல்லோரும் ஒரே ஊரில் கூடும்வரை காத்திருப்போம் என்று 2021லோ 2022லோ முடிவெடுத்திருந்தால் இந்த உருப்படிகள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்திருக்கலாம். ஸ்ரீநிவாஸ் இருந்தவரை அவருடன் ஒரு கூடத் தொகுப்பும் வரவில்லை, மேடைப் பதிவுகளே மிஞ்சின. அந்த அனுபவம் இருந்தவர்கள் இம்முறை காத்திருக்கவில்லை. தூரத்திலிருந்து வாசித்த குறையோடு ஒரு தொகுப்பு இருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

மதிப்பீடு

‘திஸ் மொமெண்ட்’ சக்தியின் தலைசிறந்த தொகுப்பு அல்ல. அந்த இடம் 1975ன் கச்சேரிப் பதிவுக்கே உரியது. இது வேறு வகைச் சாதனை. தமிழ்நாட்டின் தாளக் கணக்கு, கலைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து வாசிக்கும் அளவுக்கு உறுதியான பொதுமொழி என்பதை இது நிறுவியிருக்கிறது. அந்த மொழியால் செய்யமுடியாதது என்ன என்பதையும் மறைக்காமல் காட்டியிருக்கிறது. கணக்கு எல்லோரையும் சமத்தில் கொண்டுவந்து சேர்க்கும், வழியில் நடக்கும் பேச்சை அது தராது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் முதலில் ‘கிரிராஜ் சுதா’வைக் கேட்கலாம். கர்நாடக இசை பழகிய காதுக்கு அது எளிய வாசல். பிறகு ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’ கேட்டு, தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு சமம் எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். அதன்பின் 1975ன் ‘ஜாய்’ உருப்படியை முழுவதும் கேட்கவேண்டும். பள்ளிகளில் இசை கற்பிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் போட்டுக் காட்டினால், கணக்கு என்பது என்ன, மனோதர்மம் என்பது என்ன என்று தனியாக விளக்கவேண்டிய தேவை இருக்காது.